கிரீன்லாந்து பனி எத்தனை முறை உருகியிருக்கிறது? – கேள்வி பதில்

அருள்: துளைத்தெடுத்த பனி உருளையை வைத்து லட்சம் வருடத்துக்கு முந்தைய வெப்பநிலையை எப்படிச் சொல்கிறார்கள் அக்கா?

தண்ணீரில் கனமான ஆக்சிஜன் அணுவும் கொஞ்சம் கலந்திருக்கும். குளிர் கூடினால் அந்தக் கனமான நீர் துருவத்தை எட்டும் முன்பே அதிகமாகப் பெய்து தீர்ந்துவிடும். ஆகவே குளிர் யுகத்துப் பனியில் அது குறைவு, வெப்ப யுகத்துப் பனியில் கூடுதல்.

மீனாட்சி: போன வெப்ப யுகத்தில் கிரீன்லாந்து முழுக்க உருகிவிட்டதா?

இல்லை. வடமேற்கில் நீம் என்ற இடத்தில் 2,540 மீட்டர் துளைத்து 2010இல் அடித்தரையைத் தொட்டார்கள். சுமார் 1,26,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே இப்போதைவிடப் பல டிகிரி சூடு. கோடையில் மேற்பரப்பு உருகி மறுபடி உறைந்த தடயமும் இருக்கிறது. ஆனாலும் பனியின் உயரம் சில நூறு மீட்டர்தான் குறைந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயரம் என்பதால், அண்டார்டிகாவும் கணிசமாக உருகியிருக்க வேண்டும்.

ஜோசப்: அப்படியானால் கிரீன்லாந்துப் பனி எதையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1966இல் வடமேற்கு கிரீன்லாந்தில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் கேம்ப் செஞ்சுரி முகாமில் சுமார் 1,390 மீட்டர் பனியைத் துளைத்து, அதன் அடியில் இருந்த உறைமண்ணையும் சில மீட்டர் எடுத்தார்கள். எல்லோருடைய கவனமும் பனிமேல்தான். மண் கோபன்ஹேகனில் ஒரு உறைபதனக் கிடங்கில் மறந்து கிடந்து, 2017இல் கண்ணில் பட்டது. கழுவிப் பார்த்தால் குச்சிகள், இலைத் துணுக்குகள், பாசி! கிட்டத்தட்ட ஒரு மைல் தடிமனுக்கு இன்று பனி நிற்கும் இடத்தில் செடி முளைத்திருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வின்படி அந்த மண்மேல் கடைசியாக வெயில் பட்டது ஏறக்குறைய 4,16,000 ஆண்டுகளுக்கு முன். எனக்கு இதைவிட முக்கியமான பனித்துளை வேறில்லை.

ரஹீம்: வெயில் பட்ட காலம் மண்ணில் எப்படிப் பதிவாகும்?

புதைந்த மணல் துகளில் சுற்றியுள்ள கதிரியக்கத்தால் எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லச் சேரும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு காலியாகும். அதனால் மாதிரியை இருட்டறையில்தான் திறப்பார்கள். பிறகு துகளைத் தூண்டி, அது விடும் மங்கலான ஒளியை அளந்து காலத்தைக் கணக்கிடுவார்கள்.

கவிதா: செடி முளைத்த அந்த வெப்ப யுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு?

அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் எடுத்த பனி உருளையில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று குமிழ்களாகச் சிக்கியிருக்கிறது. அதன்படி பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டோம். அந்த வெப்ப யுகம் மிதமானது, ஆனால் மிக நீண்டது. வடமேற்கில் பனி போக அதுவே போதுமாக இருந்தது.

செந்தில்: தீவின் நடுப்பகுதி?

அங்கேயும்தான். 1993இல் 3,053 மீட்டர் துளைத்த ஜிஸ்ப்-2 உருளையின் அடிமண்ணில் கசகசா இனச் செடியின் விதை, வில்லோ மரத்தின் துணுக்கு, பூச்சியின் பாகம் எல்லாம் கிடைத்ததாக 2024இல் அறிவித்தார்கள். கடந்த 11 லட்சம் ஆண்டுகளுக்குள் எப்போதோ நடுப்பகுதியும் வெறும் தரையாக இருந்திருக்கிறது.