பிரெஞ்சு பாஸ்போர்ட், ஆனா டோர்ட்முண்டில மனைவிக்கு ஏ1 கேக்கினம் – பதில்

தம்பி, ஏ1 எண்ட ஜேர்மன் பாசையின்ர அடிப்படைச் சோதினை கிளாசுக்கு காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ. நீங்கள் பிரெஞ்சு சிற்றிசன், டோர்ட்முண்டில வேலை, இலங்கை பாஸ்போர்ட்டோட இருக்கிற மனைவிக்கு இங்க இருக்கிறதுக்கான வதிவிட காட் எடுக்கப் போன இடத்தில ஜேர்மன் ஏ1 இருந்தாத்தான் எண்டு சொல்லிப்போட்டினம், அதுதானே? உங்களுக்கு அது தேவையே இல்லை. அது ஜேர்மன் சிற்றிசன் மனைவியைக் கூப்பிடேக்க கேக்கிறது, நீங்கள் வேற ஐரோப்பிய யூனியன் நாட்டுக்காரர் எண்டபடியால் 2004/38 எண்ட டிரெக்டிவ்தான் (ஐரோப்பிய யூனியன்ர சட்டம்) உங்களுக்குப் பொருந்தும் (விசித்திரம்தான், இந்த விசயத்தில ஜேர்மன் பாஸ்போர்ட்டை விட உங்கட பாஸ்போர்ட் பெலம்).

அதின்ர 10ஆம் பிரிவில என்ன பேப்பர் கேக்கலாம் எண்டு கிடக்கு: மனைவியின்ர பாஸ்போர்ட், கலியாண சேர்ட்டிபிகேட், நீங்கள் இங்க இருக்கிறீங்கள் எண்ட பதிவுப் பேப்பர், அவ்வளவுதான். வேலைக்கு கொம்பனி லெட்டர் 8ஆம் பிரிவின்படி உங்களிட்டக் கேக்கலாம். விண்ணப்பம் குடுத்த உடனே அதுக்கு ஒரு துண்டு தரவேணும், 6 மாசத்துக்குள்ள காட் தரவேணும். அந்தத் துண்டை வாங்காம கவுண்டரை விட்டு எழும்பாதேங்கோ, பிறகு எப்ப குடுத்தனீங்கள் எண்டு நிரூபிக்கேலாது.

இன்னும் ஏ1 எண்டு நிண்டா எழுத்தில தாங்கோ எண்டு கேளுங்கோ. அதுக்கும் மசியாட்டி சொல்விட் எண்டு ஐரோப்பிய யூனியன்ர சேவை இருக்கு, ஒன்லைன்ல முறைப்பாடு போடலாம், காசில்லை, 10 கிழமைக்குள்ள முடிக்கப் பாப்பினம். ஆனா ரிஜெக்ட் லெட்டர் வந்திட்டா அதில இருக்கிற அப்பீல் திகதி சொல்விட்டுக்காக நிக்காது, லோயரைப் பிடிச்சு அந்தத் திகதிக்குள்ள அப்பீலைப் போடுங்கோ.