ட்ரஃபிள் ஃப்ரைஸ் சாப்பிட்டேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு விலை?

உங்கள் நாக்கில் கோளாறு இல்லை, நீங்கள் சாப்பிட்டதில் ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் வளரும் வாசனைப் பூஞ்சை) இருந்திருக்கவே வாய்ப்பு குறைவு. ஃப்ரைஸில் பெரும்பாலும் ட்ரஃபிள் எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். கடைகளில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பாலானது சாதாரண ஆலிவ் எண்ணெய்தான், அதில் 2,4-டைதயாபென்டேன் என்ற கந்தகச் சேர்மத்தைச் செயற்கையாகச் செய்து கலந்திருப்பார்கள். வெள்ளை ட்ரஃபிளின் மணத்திலும் இது முக்கியமான சேர்மம்தான், ஆனால் அசலில் இதோடு இன்னும் பல சேர்ந்து வரும்; எண்ணெயில் இது ஒன்றே தனியாக நின்று மூக்கில் அடிக்கும். பாட்டிலில் 'அரோமா' (மணமூட்டி) என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், அழகுக்கு மிதக்கும் கறுப்புத் துண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நான் இத்தாலியின் டூரினில் வேலை பார்த்தபோது ஒரு நவம்பரில் ஆல்பாவுக்குப் போய்ச் சாப்பிட்டேன், வெள்ளை ட்ரஃபிளுக்குப் பேர்போன ஊர் அது. வெண்ணெய் மட்டும் போட்ட தாயரின் (முட்டை மஞ்சள் கரு நிறையச் சேர்த்த மெல்லிய பாஸ்தா) ஆவி பறக்க வந்தது. பரிமாறுகிறவர் மண் நிறத்தில் ஒரு கட்டியை எடுத்து, சின்ன எடைமெஷினில் வைத்து எடையைக் காட்டிவிட்டு, தட்டுக்கு மேலேயே சீவ ஆரம்பித்தார். காகிதம் போல மெல்லிய சீவல்கள், உள்ளே பழுப்பில் வெள்ளை நரம்பு ஓடுகிறது. நாம் போதும் என்று சொல்லும்வரை சீவுவார், பிறகு மீதியை மறுபடி நிறுத்து, குறைந்த கிராமுக்கு பில். அதனால் கூச்சப்படாமல் 'போதும்' என்று சொல்லிவிடுங்கள், 10 கிராமுக்கே 40, 50 யூரோ ஆகிவிடும்!

மணம்? பூண்டு, முதிர்ந்த சீஸ், ஈர மண், கொஞ்சம் காஸ் சிலிண்டர் கசிகிற வாடை. எல்லோருக்கும் பிடிக்காது, என்னோடு வந்தவர் முகத்தைச் சுளித்தார். நாக்குக்கு அதிகம் வேலையில்லை, சூட்டில் எழும்பும் அந்த மணம்தான் எல்லாம். அதனால்தான் வெள்ளையைச் சமைப்பதே இல்லை, பச்சையாகவே சீவிப் போடுவார்கள். இன்னொரு வகையான கறுப்பு ட்ரஃபிள் கொஞ்சம் சூடு தாங்கும்.

விலைக்கான காரணத்துக்கு வருவோம். இது ஓக், ஹேசல் மாதிரி மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்கடியில் வளரும் பூஞ்சை. காற்றில் வித்து பரப்ப வழியில்லை, ஏதாவது விலங்கு மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்று வேறிடத்தில் கழித்தால்தான் பரவும், அவ்வளவு வாசனையும் அதற்காகத்தான். ஆள் தேடினால் கிடைக்காது, பழக்கிய நாய் வேண்டும். முன்பு பன்றியும் உண்டு, ஆனால் அது மண்ணைக் கிளறி நாசம் செய்கிறது என்று இத்தாலியில் 1985-லேயே தடை போட்டுவிட்டார்கள். கறுப்பைப் பிரான்ஸ், ஸ்பெயின், ஆஸ்திரேலியாவில் தோட்டம் போட்டே வளர்க்கிறார்கள். வெள்ளை இன்னும் பெரிய அளவில் அப்படிக் கைகூடவில்லை. அதிலும் தோண்டி எடுத்து ஒரு வாரம், பத்து நாளில் மணம் போய்விடும், அப்புறம் அது வெறும் கட்டி.

என்னைக் கேட்டால் வெள்ளைக்கு வாழ்க்கையில் ஒருமுறை கொடுக்கலாம், ட்ரஃபிள் ஃப்ரைஸுக்குக் கொடுக்கக் கூடாது. யாராவது அசலை வாங்கிக்கொண்டு வந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். டிஷ்யூ பேப்பரில் சுற்றி, மூடிபோட்ட கண்ணாடி டப்பாவில், ஃப்ரிட்ஜில், கூடவே நாலு முட்டை. பேப்பரைத் தினம் மாற்றுங்கள். மணம் ஓடு வழியாக முட்டைக்குள் இறங்கிவிடும், மறுநாள் வெண்ணெயில் ஆஃப்பாயில் போட்டு, அதன்மேலேயே சீவிக்கொள்ளலாம்.