உடம்பு தேறிவிட்டது, ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சிக்காக பிரெட்னிசலோன் தினமும் 40 மி.கி. சாப்பிடச் சொன்னார்கள். ஆறு வாரம் ஆகிறது. டாக்டர் சொன்னபடி வாரம் 5 மி.கி. குறைத்து இப்போது 20 மி.கி.க்கு வந்திருக்கிறார். மலத்தில் ரத்தம் போவது நின்றுவிட்டது. ஆனால் முகம் உப்பிப்போயிருக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ‘ஸ்டீராய்டு ஆளையே அழித்துவிடும், உடனே நிறுத்து’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா? முட்டி வலிக்கிறது என்கிறார், வலி மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். வலி மாத்திரையும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் சொந்தக்காரர்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், கார்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் விழாமல் இருக்க, சர்க்கரை இறங்காமல் இருக்க, காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு தாக்குப்பிடிக்க அது வேண்டும். ஒரு நாளில் இயல்பாகச் சுரக்கும் கார்டிசாலை பிரெட்னிசலோன் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 5 மி.கி. உங்கள் கணவர் தொடங்கியது 40 மி.கி.யில். வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் உத்தரவு நின்றுபோகிறது. மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் சுரப்பி வேலையை விட்டுவிட்டுச் சுருங்கத் தொடங்கும். இந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்புக்கு இரண்டு பக்கமும் கார்டிசால் கிடைக்காது. கடுமையான அசதி, குமட்டல், வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது என்று தொடங்கி, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். குடல் அழற்சி திரும்ப வருவது அதற்கு மேல் தனி.

ஆஸ்துமா திடீரென்று கூடியதற்கு ஐந்து, ஏழு நாள் மாத்திரை கொடுத்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதையும் பார்த்திருப்பீர்கள். அத்தனை குறுகிய காலத்தில் பெரும்பாலும் சுரப்பி தூங்கிப்போகாது. அதைப் பார்த்துவிட்டு ஆறு வாரம் சாப்பிட்டவர் அப்படியே செய்யக் கூடாது.

சொந்தக்காரர்களின் பயம் ஆதாரமில்லாதது அல்ல. 1948-ல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தபோது கிடைத்த பலனைப் பார்த்து மருத்துவ உலகமே வியந்தது. 1950-ல் அந்த ஆய்வுக்கு நோபல் பரிசும் வந்தது. பெரிய டோஸில் நீண்ட நாள் கொடுத்தால் என்ன ஆகும் என்பது சீக்கிரமே தெரிந்தும்விட்டது. பயப்பட வேண்டியது அளவு தெரியாமல் சாப்பிடுவதற்கும், கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் இழுப்பதற்கும்தான். டாக்டர் எழுதிக் கொடுத்து, வாராவாரம் குறைந்துகொண்டு வரும் மாத்திரையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

முக உப்பல் டோஸ் குறையக் குறைய வடியும்; பொதுவாகச் சில மாதங்கள் பிடிக்கும். உப்பைக் குறைத்தால் நீர்க்கோப்பு கொஞ்சம் மட்டுப்படும். தூக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை சாப்பிடும் நேரம். கார்டிசால் விடியற்காலையில் கூடி இரவில் குறைவதுதான் இயற்கை. அதனால் முழு டோஸையும் காலை உணவுக்குப் பிறகு ஒரே வேளையில் எடுப்பது நல்லது. காலையில் பாதி, இரவில் பாதி என்று எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், பலருக்கு அதிலேயே தூக்கம் திரும்பிவிடும். எரிச்சலும் மருந்தின் வேலைதான், அவர் சுபாவம் மாறிவிடவில்லை. இதை அவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். ஆனால் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிகிறது என்றாலோ, அளவுமீறிய உற்சாகத்தில் தூங்காமலே இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று பேசினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். காலையில் போடும் பிரெட்னிசலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். இரவில் அது இறங்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பரிசோதித்துவிட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று இருந்துவிடக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பாருங்கள். ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர் என்றால் அவருடைய மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது முட்டி வலி. டோஸ் குறையும்போது மூட்டும் தசையும் வலிப்பது சகஜம். அதற்காக டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டோடு இவை சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. போதாக்குறைக்கு, அடங்கியிருக்கும் குடல் அழற்சியையும் இவை கிளப்பிவிடலாம். கல்லீரல் கோளாறு இல்லாதவருக்குச் சரியான அளவில் பாராசிட்டமால் போதும். வலி தாங்க முடியாமல் இருந்தாலோ அசதியும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தாலோ, குறைக்கும் வேகம் அதிகமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

டோஸ் குறைக்கும் வாரங்களில் வீட்டில் நடக்கும் குழப்பங்களையும் பார்த்திருக்கிறேன். 5, 10, 20 மி.கி. அட்டைகள் ஒரே டப்பாவில் கிடக்கும்; ‘இரண்டு மாத்திரை’ என்று மட்டும் நினைவிருக்கும். எத்தனை மாத்திரை என்று எழுதாமல் எத்தனை மி.கி. என்று தேதி போட்டு எழுதி ஒட்டுங்கள். தேவைப்படாத அட்டையை எடுத்து வையுங்கள். கடையில் வேறு பெயரில் மாற்றிக் கொடுத்தால் மூலப்பொருளைப் படியுங்கள். 5 மி.கி. பிரெட்னிசலோனுக்கு ஈடு 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் என்றால் வெறும் 0.75 மி.கி. எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் விபரீதம். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கு நினைவு வந்ததும் சாப்பிடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான டோஸ் மட்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

தொற்று வந்தாலும் ஸ்டீராய்டு அதை மறைத்துவிடும். லேசான காய்ச்சல், லேசான வயிற்று வலிதானே என்று இருந்துவிடாதீர்கள். அவருக்கு இதுவரை சின்னம்மை வந்ததில்லை என்றால், அம்மை கண்ட யாரோடாவது பழகிய அன்றே டாக்டருக்குத் தெரிவியுங்கள். ஃப்ளூ ஊசி போடலாம், ஆனால் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யும் தடுப்பூசிகள் இப்போது கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் பலனைக் குறைக்கும். சில பூஞ்சை மருந்துகளும் கிளாரித்ரோமைசினும் அதைக் கூட்டும். எந்தப் புது மருந்து வாங்கினாலும் ‘இவர் ஸ்டீராய்டில் இருக்கிறார்’ என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை முழுவதும் நிறுத்திய பிறகும் இதைச் சொல்ல வேண்டும். சுரப்பி பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் அறுவைச் சிகிச்சை, விபத்து, கடும் காய்ச்சல் என்று வந்தால் மயக்க மருந்து நிபுணர் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மருந்தின் பெயர், டோஸ், தொடங்கிய நாள், நிறுத்திய நாள் எழுதிய சீட்டு ஒன்று அவர் பர்ஸிலேயே இருக்கட்டும். வாந்தி நிற்காமல் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தேவைப்படும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எலும்பு பலவீனமாவது முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கும். கால்சியம், வைட்டமின் டி வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள். மருந்து நீளுமானால் கண்புரைக்கும் கண் அழுத்தத்துக்கும் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீளக் கூடாது என்பதுதான் என் கவலை. இந்த நோயில் ஸ்டீராய்டு கிளம்பிய அழற்சியை அடக்கத்தான். திரும்ப வராமல் காக்கும் சக்தி அதற்குக் கிடையாது. அதற்கு மெசலமின், அசதயோபிரின், பயலாஜிக் ஊசிகள் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. தொடங்கி மூன்று மாதத்துக்குள் 10 மி.கி.க்குக் கீழே இறக்க முடியவில்லை, அல்லது நிறுத்திய மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது, அல்லது ஒரே வருடத்தில் இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டது என்றால் இன்னொரு சுற்று பிரெட்னிசலோனோடு திரும்பி வராதீர்கள். அடுத்த முறை போகும்போது, “ஸ்டீராய்டு இல்லாமல் இவர் நோயைக் கட்டுக்குள் வைக்க என்ன மருந்து?” என்று நேராகவே கேளுங்கள்.