வார்னிங் வயரைக் கழற்றி விட்டு ஓட்டலாமா?

கேள்வி: ஐயா, வீல் லோடர் ஓட்டுகிறேன். மூன்று நாளாக, வேலை தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனதும் டிரான்ஸ்மிஷன் ஆயில் சூட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்துகிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சென்சார் போயிருக்கும், புதுசு வரும்வரை ஓட்டு" என்று வயரைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள் தம்பி. முதலில் அந்த வயரை மாட்டுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

ஒற்றை வயர் வார்னிங் சுவிட்ச் (மெக்கானிக் சென்சார் என்று சொன்னது இதைத்தான்) பெரும்பாலும், குறிப்பிட்ட சூடு வந்ததும் அந்த வயரை எர்த் ஆக்கி, அதாவது வண்டி பாடியோடு இணைத்து, விளக்கை எரிய வைக்கும். வயரைக் கழற்றிவிட்டால் விளக்கு எரியவே எரியாது. குளிர்ந்த வண்டிக்கும் கழன்ற வயருக்கும் அந்த விளக்குக்கு வித்தியாசம் தெரியாது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது: "இரண்டு மணி நேரம் ஆனதும்". வயர் உரசி பாடியில் பட்டிருந்தால், காலையில் குளிர்ந்த வண்டியில் சாவி போட்டதுமே எரிந்துகொண்டிருக்கும், அல்லது பள்ளத்தில் இறங்கும்போது மின்னும். வேலை ஏற ஏற வருகிறதென்றால் நான் சூட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்தாலும் சூடு ஏறும், கூடினாலும் நுரைத்துச் சூடு ஏறும். கூலர் துடுப்புகளில் தூசி அப்பியிருக்கிறதா? குவியலில் பக்கெட்டை முட்டவைத்து, சக்கரம் நகராமல் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிக்கிறீர்களா? அப்போது எஞ்சின் தரும் பலமெல்லாம், அதை ஆயில் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் ஆயிலில் சூடாகத்தான் போய்ச் சேரும்.

விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்தி, சென்சார் பக்கத்து இரும்பில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் அது தப்பாகக் காட்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போதே அந்த இடத்தைத் துடைத்து, கொஞ்சம் மங்கலான கறுப்புப் பெயின்ட் தடவி வையுங்கள். வெளியே காட்டுவதைவிட உள்ளே ஆயில் சூடு கூடுதலாகவே இருக்கும்.

சுவிட்சைச் சோதிப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மல்டிமீட்டரில் அசைவில்லை என்று நல்ல சுவிட்சைக் குப்பையில் எறிகிறார்கள். கன்வெர்ட்டர் ஆயில் சுவிட்சுகள் பல 120 டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் வேலை செய்யும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டுமா? இதற்கு எண்ணெய்தான் வேண்டும். சுவிட்சை ஈரமில்லாமல் துடைத்து, அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பக்கத்திலேயே வைத்து, நெருப்பில்லாத மின் அடுப்பில் மெதுவாகச் சூடேற்றுங்கள். எத்தனை டிகிரியில் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

கேள்வி: என் டோசரில் ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. ஆனால் எஞ்சின் டெம்பரேச்சர் முள் பச்சையிலேயே நின்றது. சென்சாரை மாற்றிவிடவா?

பதில்: மாற்றுவதற்கு முன் கூலண்ட் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் மூடியைத் தொட வேண்டும்.

நான் வேலை கற்ற காலத்தில் இதே போல் ஒரு எஞ்சின் போனது. கீழ் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து கூலண்ட் முழுக்க வடிந்துவிட்டது. முள் பச்சையில் நின்றதால் ஆபரேட்டர் நிறுத்தவில்லை. ஹெட்டைக் கழற்றினபோது வால்வுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல். சென்சாரைச் சோதித்தோம், நன்றாகவே இருந்தது. அதன் முனை கூலண்டில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். வெறும் காற்றில் நின்றால் குறைத்துத்தான் காட்டும். அந்த விரிசலை விரல் நகத்தால் தடவிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து, டெம்பரேச்சர் மீட்டர் மட்டும் உள்ள வண்டி எது வந்தாலும் கூலண்ட் அளவுக்கும் ஒரு வார்னிங் வைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கூலண்ட் நிறைவாக இருந்தும் முள் அசையாவிட்டால் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, சென்சார் முனையில் உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பதில்: ஒற்றை வயர் சென்சாருக்கு வேண்டாம். அதற்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். கசிவுக்குப் புத்தகம் சொல்லும் வாஷரையோ சீலன்ட்டையோ போடுங்கள். போட்டதும் சென்சார் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும்.