தொடக்கப் பள்ளி நூலகராக விரும்பும் மகளுக்கு: பட்டத்துக்கு முன்னால் மூன்று மாதக் கைப்பழக்கம்

பி.ஏ. தமிழ் முடித்த மகள் தொடக்கப் பள்ளியில் நூலகராகப் போக வேண்டும் என்கிறார், பி.எல்.ஐ.எஸ். (நூலக, தகவல் அறிவியல் இளநிலைப் பட்டம்) சேர்க்கலாமா, இல்லை பி.எட். தான் பத்திரமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னக் குழந்தைகளோடு இருப்பதில் அவருக்கு உண்மையிலேயே விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு பள்ளி நூலகத்தில் மூன்று மாதம் வேலை பழகட்டும். அந்த ஓராண்டுப் படிப்பில் பகுப்பாக்கம், பட்டியலாக்கம், நூலக நிர்வாகம் எல்லாம் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ஆனால் அந்தப் பாடத்திட்டம் பெரும்பாலும் கல்லூரி நூலகத்தையும் பொது நூலகத்தையும் மனத்தில் வைத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஏழு வயதுக் குழந்தை அலமாரி முன்னால் எதை எடுப்பதென்று தெரியாமல் நிற்கும்போது என்ன செய்வது என்று அங்கே வராது. அது பள்ளியில் நின்றால்தான் பழகும்.

வேலை எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நூலகருக்கென்று தனிப் பணியிடம் கிடையாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகங்களும் வேண்டும் என்கிறது. நூலகரைப் பற்றிச் சொல்லவில்லை. அதனால் அங்கே ஓர் ஆசிரியர்தான் பொறுப்பு. சம்பளத்துக்கு ஆள் எடுப்பது கேந்திரிய வித்யாலயாக்களும், சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ., பன்னாட்டுப் பள்ளிகளும். கேந்திரிய வித்யாலயாவில் நூலகவியல் பட்டமோ, ஏதாவதொரு பட்டத்தோடு ஓராண்டு நூலகவியல் பட்டயமோ வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் வேலை பார்க்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவின்படி நிலை 7, தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 35. தனியார் பள்ளிகளில் சம்பளம் பள்ளிக்குப் பள்ளி பெரிதும் மாறும். இந்தி தெரியாதென்றால் இன்றிலிருந்தே தொடங்கட்டும். அது ஒரே மாதத்தில் வரக்கூடியதல்ல.

பழகுவதற்கு மட்டும் அரசுத் தொடக்கப் பள்ளியையே நான் முதலில் சொல்வேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சிறு புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கவனிக்கத்தான் ஆள் குறைவு. ஜூனில் போக வேண்டாம். பாடநூல், சீருடை, சேர்க்கை என்று தலைமையாசிரியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை, வாரம் மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும்: என்ன படித்திருக்கிறார், எந்தெந்த நாள் வருவார், என்ன வேலை செய்வார், ஊதியம் எதிர்பார்க்கவில்லை. ஆதார் நகலையும் சேர்க்கட்டும். வட்டாரக் கல்வி அலுவலரின் ஒப்புதல் தேவையா என்பதைத் தலைமையாசிரியரே சொல்வார். குழந்தைகளைப் படம் எடுப்பதும், தனியறையில் ஒரு குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதும் கூடாது. இந்த இரண்டையும் அவரே கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கு நம்பிக்கை வரும்.

முதல் வேலையாக வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கட்டும்; மாணவர் வருகை அல்ல, நூலகத்துக்கு வந்த நூல்களைப் பதியும் ஏடு. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வருகை எண், வந்த தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண், கடைசியில் குறிப்பு. நூல் தொலைந்தால் குறிப்புப் பத்தியில் எழுதலாமே தவிர, அந்த எண்ணை வேறு நூலுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் ஒரே எண்ணில் இரண்டு நூல் நிற்கும். எது எதுவென்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். பதியும் முன்னால் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அச்சு விழாத பக்கமும் தலைகீழாகத் தைத்த பக்கமும் அப்போது தெரிந்தால்தான் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். முத்திரை குத்திய பிறகு வாங்கமாட்டார்.

படக்கதைப் புத்தகங்களில் கல்லூரிப் பாடம் அப்படியே பொருந்தாது. பெரிய நூலகங்களில் ஏதாவது ஒரு பக்க எண்ணை ரகசியப் பக்கமாக வைத்து அங்கேயும் வருகை எண்ணை எழுதுவார்கள். குழந்தைப் புத்தகம் 16 அல்லது 24 பக்கம்தான் இருக்கும். பலவற்றில் பக்க எண்ணே இருக்காது. ஆகவே தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலும் கடைசி அட்டையின் உட்புறத்திலும் எழுதினால் போதும். முத்திரையைப் படத்தின் மேல் குத்தவே கூடாது. கதையைப் படம்தான் சொல்கிறது; யானையின் முகத்தில் பள்ளிப் பெயர் விழுந்தால் அந்தப் பக்கம் கெட்டது. முதுகில் ஒட்டும் அடையாளச் சீட்டுக்கும் இடமில்லை, ஏனென்றால் நடுமடிப்பில் ஊக்கு (ஸ்டேப்ளர் பின்) அடித்த புத்தகத்துக்கு முதுகே கிடையாது. முன்னட்டையின் இடது கீழ் மூலையில், அடியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் மேலே, எல்லா நூலுக்கும் ஒரே உயரத்தில் ஒட்ட வேண்டும். தலைப்பையோ எழுத்தாளர், ஓவியர் பெயரையோ அது மறைக்கக் கூடாது.

அந்த ஊக்குதான் அடுத்த தொல்லை. நம் ஊர் ஈரக்காற்றில், அதிலும் கடலோர ஊர்களில், இரண்டு மழைக்காலம் தாங்காமல் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். நடுப்பக்கம் கழன்று விழும். மேலே செல்லோடேப் ஒட்டினால் சில மாதங்களில் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். சரியான வழி தையல். பழைய ஊக்கைச் சிறு குறட்டால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, நடுமடிப்பில் மூன்று துளை போட வேண்டும்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. புத்தக உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளத்துக்கு முறுக்கு நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போய், மேல் துளை வழியாக உள்ளே வந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளை வழியாக வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வர வேண்டும். அங்கே நிற்கும் இரண்டு நுனிகளும் நீளமான நூலிழைக்கு இரண்டு பக்கமும் இருக்கும்படி இழுத்து, அதன்மேல் முடிச்சுப் போட வேண்டும். இரண்டு நுனியும் ஒரே பக்கம் நின்றால் முடிச்சு தளர்ந்துவிடும். இழுப்பது மடிப்பின் திசையில் இருக்கட்டும். நம்மை நோக்கி இழுத்தால் துளை கிழிந்துவிடும். கிழிந்த தாளுக்கு மெல்லிய டிஷ்யூ தாளும் நீர் கலந்த ஃபெவிக்காலும் போதும். இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து ஓர் இரவு கனம் ஏற்றி வைக்கட்டும். இருபது புத்தகம் தைத்தால் கை பழகிவிடும்.

அடுக்குவதில் ஒரு கேள்வி எப்போதும் வரும்: நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டியூவி முறையில் பகுப்பு எண் போடலாமா? அவர் அதைக் கற்க வேண்டும். நாட்டார் கதைக்கு 398.2, விலங்குகளுக்கு 590, தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று மனத்தில் இருக்க வேண்டும். பதிவேட்டில் முழு எண்ணையும் எழுதட்டும். குழந்தைக்குத் தெரியும் சீட்டில் மட்டும் அது வேண்டாம். தசமப் புள்ளியே இன்னும் படிக்காத குழந்தைக்கு அந்த எண் உதவாது. பொருளுக்கு ஒரு நிறம், விலங்கு, வானம், பாட்டு, கதை என்று ஒரு சின்னப் படம் போதும். வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகள் இருக்கின்றன. அவை ஆசிரியருக்கு வழிகாட்டத்தான். ‘நீ நட, அதைத் தொடாதே’ என்று குழந்தையிடம் சொல்ல ஆரம்பித்தால், வகுப்பில் இருக்கும் முன்வரிசையும் பின்வரிசையும் நூலகத்துக்குள்ளும் வந்துவிடும்.

அலமாரியின் மேல்தட்டு நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயர்ந்திருந்தால் தரை துடைக்கும் தண்ணீர் எட்டாது. முன்னட்டை தெரிய நிறுத்திய புத்தகத்தைத்தான் குழந்தை எடுக்கும். இடமில்லையென்றால் சுவரில் நைலான் கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் இருபது புத்தகம் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை மாற்றட்டும்.

இனி நூலகப் பாடவேளை. வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது; தோற்பவர்கள் பெரும்பாலும் தோற்பதும் இங்கேதான். 40 நிமிடம், 35 குழந்தைகள். ஒரு புத்தகத்தைப் பதிந்து கொடுக்க ஒரு நிமிடம் என்றால் 35 நிமிடம் அதிலேயே போய்விடும்; வரிசையில் நிற்கும் குழந்தைகள் தள்ளுமுள்ளில் இறங்குவார்கள். எனவே திரும்ப வரும் புத்தகங்களை அன்று காலையிலேயே வகுப்புத் தலைவன் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். மணி அடிக்கும் முன்னால் பதிவை முடித்துவிடலாம். குழந்தைக்கு ஒரு பக்கம் என்று நோட்டு போட்டு, மூன்றாம் வகுப்புக்கு மேல் அவர்களையே வருகை எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லலாம். உட்கார ஐந்து நிமிடம், வாசித்துக் காட்டப் பன்னிரண்டு நிமிடம், தேர்ந்தெடுக்கவும் படிக்கவும் பதினைந்து, எடுத்துச்செல்ல எட்டு. தேர்ந்தெடுக்கும் நேரத்தைக் குறைத்தால் மேலே கிடப்பதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மறுநாளே அது படிக்கப்படாமல் திரும்பி வரும். பெரிய பள்ளிகளில் கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கும். அது இலவசம், வீட்டுக் கணினியிலேயே பழகலாம். இணையம் போனால் எண்ணைக் குறித்துவைக்க ஒரு நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

வாசித்துக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கதையை வீட்டில் மூன்று முறை வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். புத்தகத்தை மார்புக்கு நேராக வைத்து, தானே குனிந்து பார்த்துப் படித்தால் குழந்தைக்கு அட்டைதான் தெரியும். தோளுக்குப் பக்கவாட்டில், உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் கண்மட்டத்தில், பக்கம் அவர்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வெளிச்சத்தில் படம் இருட்டிவிடும், இடத்தை மாற்றிக்கொள்ளட்டும். பக்கத்தைப் புரட்டும் முன்னால் மூன்று விநாடி நிறுத்தினால், பின்னால் இருப்பவனும் படத்தைப் பார்த்துவிடுவான். கடினமான சொல் வந்தால் போகிற போக்கில் ஒரு சொல்லில் விளக்கிவிட்டுக் கதையைத் தொடர வேண்டும். கேள்வி இரண்டு போதும். ‘அடுத்து என்ன நடக்கும்?’ நல்ல கேள்வி. ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ வேண்டவே வேண்டாம். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால் குழந்தை கதையை விட்டுவிட்டுப் பதிலைத் தேட ஆரம்பித்துவிடும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பிலும் சரளமாகப் படிக்க முடியாத குழந்தைகள் இருப்பார்கள். எல்லார் முன்னாலும் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அடுத்த வாரம் வயிற்றுவலி என்று வகுப்பறையிலேயே இருந்துவிடுவார்கள். சொற்களே இல்லாத படப்புத்தகங்கள், பூச்சி, ரயில், கோள்கள் பற்றிய ஒளிப்பட நூல்கள், படக்கதைகள் ஆகியவற்றை எல்லாருக்கும் பொதுவான தட்டிலேயே கலந்து வைக்கட்டும். வயதுக்கேற்ற விஷயம், குறைந்த எழுத்து, அதுதான் கணக்கு. ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கி, ஐந்து விரல் மடங்கினால் கடினம் என்ற சோதனையைப் பலர் சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்துக்கு இரண்டே வரி உள்ள புத்தகத்தில் அது பயன்படாது. அங்கே ஒரு பக்கத்தைக் குழந்தையே படித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.

பல பள்ளிகளில் புத்தகம் பூட்டிய பீரோவில்தான் இருக்கும். கோபப்பட வேண்டாம், தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு விதிமுறையில் பதில் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, ஓராண்டில் வழங்கிய அல்லது பார்வைக்கு எடுத்த ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் வரை இழப்பு இயல்பானது என்று ஏற்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ, தனித்தன்மையுள்ள அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசுக்கான விதி என்றாலும், தலைமையாசிரியரிடம் பேசும்போது எடுத்துக்காட்டலாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுவதற்காக என்பதுதான். படிப்பில் அதற்கு மதிப்பெண் உண்டு. பீரோ சாவியைக் கேட்டு வாங்குவது எப்படி என்பது பள்ளியில்தான் தெரியும். முதலில் ஒரு வகுப்புக்கு, நாற்பது புத்தகம், ஒரு மாதம் என்று கேட்கட்டும். மாதக் கடைசியில் கணக்கைக் காட்டினால் அடுத்த வகுப்புக்கும் கிடைக்கும்.

இந்த மூன்று மாதமும் ஒரு கோப்பு சேர்ந்துகொண்டே வரட்டும்: தானே பதிந்த ஐம்பது நூல்களின் வருகைப் பக்க நகல், பத்து வாசிப்பு வேளைகளின் திட்டமும் எங்கே குழந்தைகள் கவனம் சிதறியது என்ற குறிப்பும், தான் படித்த முப்பது குழந்தைப் புத்தகங்களுக்கு இரண்டிரண்டு வரி, தலைமையாசிரியரின் சான்றுக் கடிதம். பள்ளி நேர்காணலில் பட்டச் சான்றிதழ் எல்லார் கையிலும் இருக்கும். இந்தக் கோப்பு இருக்காது. ஒரு கதையை வாசித்துக் காட்டச் சொன்னாலும் அவர் தடுமாறமாட்டார்.

மூன்று மாதம் கழித்தும் பாடவேளை முடியும்போது அவருக்கு உற்சாகம் மிஞ்சுகிறதென்றால் பி.எல்.ஐ.எஸ். சேருங்கள், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலும் உண்டு, பள்ளிக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. டாடா டிரஸ்ட்ஸின் பராக் முயற்சி, நூலகக் கல்வியாளர்களுக்கென்று ஒரு படிப்பை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடத்திவருகிறது. பட்டத்துக்குப் பிறகு அதையும் பார்க்கலாம். பதிவேடும் தையலும் பிடித்து, குழந்தைக் கூட்டம் மட்டும் களைப்பைத் தருகிறதென்றால் கல்லூரி நூலகம் அவருக்குப் பொருந்தும், பட்டம் அதேதான். கதை சொல்வது மட்டும் பிடித்திருந்தால் பி.எட். பற்றி மறுபடி பேசலாம்.

தனியார் பள்ளியில் வேலை கிடைக்கும்போது கையெழுத்துப் போடும் முன்னால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுக்குப் புத்தகம் வாங்க எவ்வளவு ஒதுக்குகிறீர்கள், தேர்வு செய்வது யார்? விடுப்பில் போகும் ஆசிரியர்களின் வகுப்புக்கு நூலகரை அனுப்புவீர்களா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை? இரண்டாவதற்குத் தெளிவான எண் வராவிட்டால், அதை நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டும்.