100 எம்பிபிஎஸ் இருந்தும் பிங் எகிறுவது ஏன்?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பகலில் வேலரன்ட் ஆடினால் பிங் 35. இரவில் திடீர் திடீரென 250-ஐத் தொடுகிறது. பிளானை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பிளானுக்குக் காசு கொட்ட வேண்டாம். எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகும் என்ற கணக்கு. பிங் என்பது ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட். ஆட்டத்துக்கு ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது.

முதலில் கணினியில் கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில் உங்கள் ரூட்டருக்கே பிங் கொடுத்துப் பாருங்கள் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1). அதுவே 5-ஐத் தாண்டிக் குதித்தால் கோளாறு வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் மோதிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அதைவிட, ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவது உத்தமம்.

ரூட்டர் வரை சரி என்றால், 8.8.8.8-க்கு (இது கூகுளின் சர்வர் முகவரி) பிங் ஓடவிட்டு, அதே நேரத்தில் ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். எண் எகிறுகிறதா? இரவில் வீட்டார் போன்கள் படங்களை பேக்கப் எடுக்கும்போது ரூட்டரின் வரிசையில் உங்கள் பாக்கெட்டும் காத்துக் கிடக்கிறது. இதற்குப் பெயர் பஃபர்புளோட். ரூட்டரில் எஸ்க்யூஎம் (SQM; பாக்கெட் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால், அளந்து பார்த்த வேகத்தில் 85–90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வேகம் சற்றுக் குறையும், பிங் அடங்கும். நிறுவனம் தரும் இலவச ரூட்டர்களில் இந்த வசதி அபூர்வம்.

ஆட்டத்தில் சர்வர் மும்பையா, சிங்கப்பூரா என்றும் பாருங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் ஓடும். சென்னை–சிங்கப்பூர் 2,900 கி.மீ.; போக வர 29 மில்லிசெகண்டுக்குக் கீழே எந்தப் பிளானாலும் இறக்க முடியாது.