இம்ரான் தாஹிர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்கு ஆடியவர்களைப் பற்றி எழுதியபோது இம்ரான் தாஹிரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். லாகூரில் பிறந்தவர், பாகிஸ்தானின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர், 31 வயதில்தான் தென்னாப்பிரிக்காவுக்காகக் களமிறங்குகிறார். ஏன் இவ்வளவு தாமதம்? ஒருநாள் ஆட்டத்தில் அப்படி மிரட்டியவர் டெஸ்டில் ஏன் தேறவில்லை? உள்ளூர்க்காரர் ஒருவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்கிறார்களே, அது சரியா?

கே.

அன்புள்ள கே,

தாமதத்துக்கு முதல் காரணம் பாகிஸ்தானில் இருந்த வரிசை. முஷ்டாக் அகமது, அவருக்குப் பின் டேனிஷ் கனேரியா, கூடவே ஷாகித் அஃப்ரிடி. தாஹிரைப் போல மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் லெக் ஸ்பின்னர்களுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில், இரண்டாம் நிலையான ‘ஏ’ அணிவரை போனவருக்கு அதற்கு மேல் கதவு திறக்கவில்லை.

இரண்டாவது காரணம் நாள் கணக்கு. பாஸ்போர்ட் இல்லாமல், வசிப்பிடத்தை வைத்துத் தகுதி பெற சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) அன்றைய விதி நான்கு ஆண்டுகள் கேட்டது. ஒவ்வோர் ஆண்டிலும் குறைந்தது 183 நாள் அந்த நாட்டில் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கிலாந்தின் உள்ளூர்த் தொடரான கவுண்டியில் ஆடிப் பிழைக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு நெருக்கடி என்று யோசித்துப் பாருங்கள். தேர்வாளர்களே இதில் சறுக்கினார்கள். 2010 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் அணியில் தாஹிரைச் சேர்த்தார்கள். அவருக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று தெரிந்ததும் பெயரை எடுத்தார்கள். தகுதி வந்தது 2011 ஜனவரியில். உடனே இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் அணியில் எடுத்தும் ஆடவைக்கவில்லை. உலகக் கோப்பைக்கு முன் மற்ற அணிகள் அவர் கையைப் படித்துவிடக் கூடாது, அதாவது கை அசைவைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற எண்ணம். பிப்ரவரி 24, டெல்லி, வெஸ்ட் இண்டீஸ்: முதல் ஆட்டத்திலேயே 41 ரன்னுக்கு 4 விக்கெட். அந்தத் தொடரில் ஐந்து ஆட்டங்களில் 14 விக்கெட்.

இன்று விதி தளர்ந்துவிட்டது, மூன்று ஆண்டு போதும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த டெவன் கான்வே 2017இல் நியூசிலாந்து போய் 2020இல் தகுதி பெற்றது இப்படித்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. வெளியிலிருந்து வருபவரை ஓர் அணி எடுப்பது தன்னிடம் உள்ள ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்கத்தான். தென்னாப்பிரிக்காவின் ஓட்டை ஒருநாள் ஆட்டத்தின் நடு ஓவர்களில் இருந்தது. 2012 அக்டோபருக்குப் பின் அந்த ஓவர்களில் ஆடுகளத்தைச் சுற்றிய உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் நான்கு பேருக்கு மேல் நிற்க முடியாது. ரன்னை அடக்கிவைக்கும் பழைய வழி அதோடு போயிற்று. விக்கெட் எடுப்பதுதான் ஒரே தடுப்பு. தாஹிரின் கூக்ளி (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) வேகமாக, தட்டையாக வரும். அடித்தே ஆகவேண்டிய பேட்ஸ்மேன் கையைப் படிக்குமுன் மட்டையைச் சுழற்றிவிடுவார். 107 ஆட்டங்களில் 173 விக்கெட் வந்தது அப்படி. சென்னை ரசிகர்கள் ‘பராசக்தி எக்ஸ்பிரஸ்’ என்று கொண்டாடியதும் இதே பந்தைத்தான். 2019 ஐபிஎல்லில் 26 விக்கெட்டோடு, அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதா தொப்பி, அப்போது வயது 40.

டெஸ்டில் அணிக்கு வேண்டியது நேர் எதிரானது. வேகப்பந்து வீச்சாளர்கள் ஸ்டெயின், மார்கெல், ஃபிலாண்டர் விக்கெட் எடுப்பார்கள். அவர்கள் இளைப்பாறும்போது சுழல்வீரர் ரன் கொடுக்காமல் ஒரு முனையைக் கட்டிக்காக்க வேண்டும். தாஹிர் ஒவ்வொரு பந்திலும் விக்கெட் தேடுபவர். ஓவருக்கு ஒரு பந்து ஷார்ட்டாக, பேட்ஸ்மேன் எளிதில் அடிக்கும்படி விழுந்தால் ஒருநாள் ஆட்டத்தில் மன்னிக்கலாம். டெஸ்டில் பேட்ஸ்மேன் மற்ற ஐந்தையும் தடுத்துவிட்டு அதற்காகவே காத்திருப்பார்.

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2012 அடிலெய்டு டெஸ்டைப் பாருங்கள். ஃபிலாண்டர் முதுகுவலியால் ஆடவில்லை; முதல் நாளிலேயே காலிஸுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. மிச்ச ஓவர்கள் தாஹிர் தலையில். முதல் இன்னிங்ஸில் 23 ஓவர் 180 ரன், இரண்டாவதில் 14 ஓவர் 80 ரன், விக்கெட் பூஜ்யம். ஒரு டெஸ்டில் விக்கெட்டே இல்லாமல் இவ்வளவு ரன் வேறு யாரும் கொடுத்ததில்லை. (அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவரும் லாகூரில் பிறந்தவரே: கான் முகமது, 1958 கிங்ஸ்டன், 259 ரன்.) மறு ஆண்டே துபாயில், காய்ந்த ஆடுகளத்தில், முனையைக் காக்கும் வேலை இல்லாதபோது, அதே தாஹிர் பாகிஸ்தானை 99க்குச் சுருட்டினார்: 32 ரன்னுக்கு 5. ஆனால் தென்னாப்பிரிக்காவுக்கு அப்படிப்பட்ட ஆடுகளம் எத்தனை முறை கிடைக்கும்? 20 டெஸ்ட், 57 விக்கெட், சராசரி 40.24 என்று அவருடைய டெஸ்ட் ஆட்டம் 2015 டெல்லியோடு முடிந்தது.

இடத்தைப் பிடித்தாரா என்றால், டெஸ்டில் இல்லை. முனையைக் காக்கத் தெரிந்த கேசவ் மகாராஜ் 2016இல் வந்ததும் அந்த இடம் அவருக்குப் போய்விட்டது. ஒருநாள் ஆட்டத்தில் ஆம், ஒருவர் காத்திருந்தார்: தப்ரைஸ் ஷம்சி. இடக்கை மணிக்கட்டுச் சுழல், அதே நடு ஓவர் வேலை. 2019 உலகக் கோப்பைக்குப் பின் தாஹிர் விலகிய பிறகுதான் ஷம்சி முதல் தேர்வானார். அதுவரை தாஹிரை உட்காரவைத்து அவரை ஆடவைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருவரில் தாஹிரே மேலான பந்துவீச்சாளர்.